மேல் எண் நூற்று எழுபது

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே டிரைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை பரீட்சை. பத்து மாதமாகப் படித்த எட்டுப் பாடங்களையும் அன்று ஒரே நாளில் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். ஒன்பது மணி வகுப்புக்கு ஆறரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு, சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு இடத்துல உக்காருங்களேன். உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. அவள் பெரிய கடை ஒன்றில் பில் போடுகிறவள். கடைச் சீருடையைத் தேய்த்துக்கொண்டே, பக்கத்தில் விரித்து வைத்திருந்த அவருடைய நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்களுக்கு நாடித் துடிப்பு?"

"நிமிஷத்துக்கு அறுபதுலேருந்து நூறு."

"மூச்சு?"

"பன்னெண்டுலேருந்து இருபது."

"பிரஷர்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நூத்தி இருபதுக்கு எம்பது. எண்ணெல்லாம் தலைகீழாச் சொல்லுவேன். எண்ணுலயா எனக்குப் பிரச்சினை?"

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இன்னைக்காவது அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா?"

"சொன்னா என்ன, தலையையா சீவிடுவாங்க?"

"காது கேக்காத மனுஷன் எதுக்கய்யா இந்த வேலைக்கு வந்தேன்னு கேப்பாங்க. பத்து மாசம் உக்காந்து படிச்சதெல்லாம் தண்ணியில போயிடும். சும்மா இரு."

அவள் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். இந்தப் பேச்சு அவர்களுக்குள் எத்தனையோ தடவை நடந்து, இதே இடத்தில்தான் நின்றிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் அவர் பார்சல் லாரி ஓட்டியவர். எஞ்சின் சத்தமும் ஜன்னல் காற்றும் சேர்ந்து ஒரு காதைப் பாதியாகவும் இன்னொன்றைக் கால்வாசியாகவும் ஆக்கிவிட்டன. எதிரில் நின்று பேசினால் கேட்கும். கேட்காததை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். அதனால் வெளியில் யாருக்கும் தெரியாது. முதலாளி லாரிகளை விற்றுவிட்டுப் போனபோது அவருக்கு வயது நாற்பத்தாறு, முதுகுத்தண்டில் ஓயாத வலி. மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வயது வரம்பு இல்லை என்று எங்கேயோ பார்த்துவிட்டு மனைவிதான் விண்ணப்பம் வாங்கி வந்தாள். அவர் வகுப்பில் நுழைந்த முதல் நாள், உள்ளே இருந்த பதினான்கு பேரும் புது வாத்தியார் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். ஒருவருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இல்லை. அன்று மாலைக்குள் அவருக்கு 'மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை அவருக்குக் கைவந்தது. தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டிய கை, கட்டுப் போட்டால் அவிழாது. பயந்து வருகிற நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். நாடி பிடிப்பதில் வகுப்பிலேயே அவர்தான் முதல். பிரஷர் பார்ப்பதில்தான் மண் விழுந்தது. கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, மெல்ல இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் 'டக் டக்' என்று கேட்கத் தொடங்குகிற இடம் மேல் எண். சத்தம் நிற்கிற இடம் கீழ் எண். அவருக்கு அந்த 'டக்' கேட்கவே இல்லை. தூரத்து ரோட்டில் வண்டி போகிற மாதிரி ஏதோ ஓர் இரைச்சல், அவ்வளவுதான். ஆனால் காற்று இறங்கும்போது வட்டக் கருவியில் முள் லேசாகத் துள்ளும். அது துள்ளத் தொடங்குகிற எண்ணைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். முள் சத்தத்துக்கு முன்னாலேயே துள்ளிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. நல்ல திடகாத்திரமான பிள்ளைகளுக்கெல்லாம் நூற்றைம்பது, நூற்றறுபது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"மாமா கை வெச்சா ஊருக்கே பிரஷர்" என்பது வகுப்பில் நிரந்தரச் சிரிப்பாகிவிட்டது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். செய்முறைத் தேர்வில் பத்து வேலைகள். பிரஷரில் தவறினால் மற்ற ஒன்பதும் இருந்தும் பிரயோஜனமில்லை.

பயிற்சிக்கூடம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. வார்னிஷ் வாசனை படியேறி வந்துவிடும். இரண்டு கட்டில், எடை பார்க்கிற மெஷின், கல்லீரலைக் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் பொம்மை, இடது கையில் மூன்று விரல் மட்டுமே மிஞ்சிய எலும்புக்கூடு. மிஸ் ஒன்பது மணிக்குப் படியேறி வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். முப்பது வயதுகூட ஆகாதவர். ஐந்து வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். இப்போது எட்டாம் மாதம். செவ்வாய்க்கிழமையிலிருந்து விடுமுறை. இந்தப் பதினைந்து பேரையும் கரையேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"டியூப் லைட்டை அணைங்கப்பா, கண்ணு கூசுது" என்றார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டார். கால் இரண்டும் உப்பி, செருப்பு வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மோதிரம் விரலில் ஏறவில்லை போலும், கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தார். பையிலிருந்து ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, "ம், ஆரம்பிக்கலாமா? நின்னு பதில் சொல்ல வேண்டாம், உக்காந்தே சொல்லுங்க. வேகமா போகணும்" என்றார்.

வேகமாகத்தான் போனார். கேள்விகள் கல்லெறிவது போல வந்து விழுந்தன.

"பயன்படுத்தின ஊசி கையில குத்திடுச்சு. முதல்ல என்ன?"

"சோப்புத் தண்ணியில கழுவணும் மிஸ்."

"அப்புறம்?"

"உடனே மேலதிகாரிகிட்ட சொல்லணும்."

"மறைச்சா?"

"மறைக்கக் கூடாது மிஸ்."

டிரைவர் நோட்டில் கண்ணைப் புதைத்துக்கொண்டார்.

"ஊசி போடறப்போ ஒருத்தர் மயங்கிச் சரியறார். என்ன செய்வே?"

"மிஸ்ஸைக் கூப்பிடுவேன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"மிஸ் லீவுல இருக்கேன். நீ சொல்லு" என்று முன்வரிசைப் பெண்ணைக் காட்டினார். வகுப்பில் அவளுக்குக் 'குட்டி டாக்டர்' என்று பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் வைத்திருப்பாள். "படுக்க வெச்சு, காலைத் தூக்கி வெச்சு, மூச்சும் நாடியும் பாக்கணும் மிஸ்" என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

நான்காவது பாடம் பிரஷர்.

"அண்ணா, நீங்க வாங்க. உங்களுக்கு இதுலதான் தகராறு. என் கையில எடுங்க" என்றார் மிஸ்.

டிரைவர் எழுந்து போனார். மிஸ்ஸின் கையை மேஜைமேல் இதயத்தின் மட்டத்துக்கு வைத்து, பட்டையைக் கட்டினார். "இப்போ முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டே காத்தடிக்கணும் மிஸ். நாடி எங்க நிக்குதோ, மேல் எண்ணு அதுக்குப் பக்கத்துல இருக்கும்."

"கரெக்ட். எல்லாரும் அவசரத்துல விட்டுடறது இதைத்தான். செய்யுங்க."

அவரும் இத்தனை நாள் அதை அவசரத்தில் விட்டவர்தான். அன்று மிஸ் பார்த்துக்கொண்டிருந்ததால் நிதானமாகச் செய்தார். நூற்றிருபதில் நாடி விரலுக்கடியில் நன்றாக அடித்தது. நூற்று நாற்பதிலும் அடித்தது. நூற்றைம்பது, நூற்றறுபது தாண்டியும் விடவில்லை. நூற்றெழுபதில்தான் அறுந்தது. காற்றை இறக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடியும் அடித்துப் பார்த்தார். அதே நூற்றெழுபது. பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்து இறக்கினார். வழக்கமான இரைச்சல்தான்.

"மேல் எண்ணு நூத்தி எழுபது மிஸ்."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. "மாமா, மிஸ்ஸையுமா விட்டு வைக்கல?" என்றாள் குட்டி டாக்டர்.

மிஸ்ஸும் சிரித்தார். "அண்ணா, திங்கட்கிழமை இப்படிச் சொன்னீங்கன்னா அவ்வளவுதான். கீழ் எண்ணு?"

"அது... சரியாப் பிடிபடல மிஸ்."

"பட்டையை லூசா கட்டியிருப்பீங்க. போங்க, வீட்டுல நாலு பேர் கையில எடுத்துப் பழகுங்க." அவரே பட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஐந்தாவது பாடத்துக்குத் தாவினார். சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. டிரைவர் அதைப் பழக்க தோஷத்தில் நோட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

இடத்தில் வந்து உட்கார்ந்தாரே தவிர, மனசு உட்காரவில்லை. காயத்தைக் கழுவுவது பற்றி மிஸ் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றும் ஏறவில்லை. காது பொய் சொல்லும், ஒப்புக்கொள்கிறார். முள்ளும் பொய் சொல்லியிருக்கிறது. ஆனால் விரல்? ஸ்டியரிங்கைத் தொட்டே எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று சொன்ன விரல் அது. இரண்டு தடவையும் ஒரே இடத்தில் அறுந்ததே. பட்டை லூசாக இருந்ததா? இல்லை. கட்டு விஷயத்தில் அவர் கோட்டை விட்டதில்லை.

டெஸ்க்குக்குக் கீழே புத்தகத்தைப் புரட்டினார். கர்ப்பிணிகள் என்ற பக்கத்தைத் தேடிப் பிடித்தார். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்தைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. அதன் கீழே அபாய அறிகுறிகள்: விடாத தலைவலி. கண்ணில் மின்னல் அல்லது கூச்சம். மேல் வயிற்றில் வலி. கையும் முகமும் வீங்குதல். அவர் நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தார். சங்கிலியில் தொங்குகிற மோதிரம். அணைத்த விளக்கு. நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டே பேசுகிற கை.

சொல்லலாமா? சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் 'என்ன சத்தம் கேட்டுச்சு, எங்கே ஆரம்பிச்சு எங்கே நின்னுச்சு' என்று கேட்டுவிட்டால்? அவர் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்ததில் பக்கத்தில் இருந்தவன் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் திமுதிமுவென்று கீழே இறங்கினார்கள். மிஸ் மட்டும் டப்பாவைத் திறக்காமல், விலா எலும்புக்குக் கீழே கையை அழுத்தியபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடலையா மிஸ்?"

"ஒரே நெஞ்செரிச்சல் அண்ணா. இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும்."

டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கண்ணு முன்னாடி ஏதாவது மின்னுதா?"

மிஸ் கண்ணைத் திறந்தார். குரலில் சூடு ஏறியது. "அண்ணா, நான் அஞ்சு வருஷம் வார்டுல வேலை பாத்தவ. போன வாரம் செக்கப்புல எனக்கு நூத்தி முப்பதுதான். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவர் வெளியே வந்தார். படிக்கட்டில் நான்கு படி இறங்கினார், திரும்ப இரண்டு படி ஏறினார். தண்ணீர் பாட்டிலோடு குட்டி டாக்டர் மேலே வந்துகொண்டிருந்தாள். அவளை வழிமறித்தார்.

"நீ ஒரு தடவை மிஸ்ஸுக்குப் பிரஷர் பாரும்மா."

"ஐயோ மாமா, இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? உங்க கணக்குல எனக்கே நூத்தி அம்பது."

"அது முள்ளு ஆடறதைப் பாத்துச் சொன்னது."

"ஏன், காதுல கேட்டுச் சொல்ல மாட்டீங்களா?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் காது கேக்காதும்மா. நீ எதிர்ல நிக்கறதால கேக்குது. அந்தக் குழாய்ல வர்ற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்ல. பத்து மாசமா எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு இருக்கேன். ஆனா இன்னைக்குக் காதாலயும் எடுக்கல, முள்ளு ஆட்டத்தையும் நம்பல. விரலால எடுத்தேன். ரெண்டு தடவை. நாடி பிடிக்கறதுல நான் தப்புப் பண்ணி நீ பாத்திருக்கியா?"

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இல்ல" என்றாள்.

"உன் காதால கேட்டுப் பாரு. நான் சொன்னது தப்புன்னா நாள் முழுக்கச் சிரிச்சுக்கலாம்."

இருவரும் உள்ளே போனார்கள். குட்டி டாக்டருக்குச் சமயோசிதம் உண்டு. "மிஸ், எனக்கும் பிராக்டிஸ் விட்டுப் போச்சு. உங்க கையில ஒரே ஒரு தடவை எடுத்துக்கட்டுமா?" என்றாள். பரீட்சைக்கு ஒரு நாளும் பயப்படாத பெண் கேட்கிற கேள்வியா இது? மிஸ்ஸுக்கும் புரிந்துதான் இருக்கும். டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

காற்று இறங்க இறங்க அந்தப் பெண்ணின் முகம் வெளிறிக்கொண்டே போனது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றவில்லை. மறுபடி அடித்தாள், மறுபடி இறக்கினாள்.

"எவ்வளவு?" என்றார் மிஸ்.

"நூத்தி எழுபத்தாறு. கீழ... நூத்திப் பன்னெண்டு."

"குடு இங்க." மிஸ் ஸ்டெதாஸ்கோப்பை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, தன் முழங்கை மடிப்பில் வைத்தார். "அடி." குட்டி டாக்டர் அடித்தாள். மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் காதிலிருந்து குழாயைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"மணி என்ன?"

"பன்னெண்டு அம்பது மிஸ்."

"எழுதிக்க." குரல் வாத்தியார் குரலாக இல்லை, வார்டில் நிற்கிற நர்ஸின் குரலாக இருந்தது. "ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. கர்ப்பிணி, முப்பத்திநாலு வாரம், தலைவலி, பிரஷர் இவ்வளவுன்னு சொல்லு."

ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ பத்து நிமிஷத் தூரம். மிஸ் கார் சாவியை எடுத்து நீட்டினார். "அண்ணா, ஓட்டுவீங்கல்ல?"

பதினெட்டுச் சக்கர வண்டியை மலைப்பாதையில் பின்னால் எடுத்தவரிடம் கேட்கிற கேள்வி. வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார்.

நோயாளியை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்குவது மூன்றாவது பாடத்தில் வருகிறது. அன்று காலையில்தான் திருப்பிப் பார்த்தார்கள். நான்கு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். சாப்பாட்டுக் கையைக் கழுவாமல் ஓடி வந்தவனைப் பார்த்து, அந்த நிலையிலும் மிஸ், "கையைக் கழுவிட்டு வா" என்றார்.

காரில் டிரைவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளக்கூட நேரமில்லை. பின்சீட்டில் மிஸ் இடது பக்கமாகப் படுத்து, குட்டி டாக்டர் மடியில் தலை வைத்திருந்தார். டிரைவர் ஹாரனைத் தொடவில்லை. குழி தெரிகிற இடமெல்லாம் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, கண்ணாடிப் பாத்திரம் ஏற்றிய வண்டியைப் போல ஓட்டினார். காலுக்குள் அவசரம் குறுகுறுத்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கு வலிப்பு வந்தா என்ன பண்ணுவே?" பின்னால் மிஸ் கேட்டார்.

குட்டி டாக்டர் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"கேக்கறேன்ல, சொல்லு."

"இடது பக்கமாவே படுக்க வெச்சிருக்கணும். வாயில எதுவும் திணிக்கக் கூடாது. நேரத்தைக் குறிச்சுக்கணும்."

"கை காலை?"

"அழுத்திப் பிடிக்கக் கூடாது, அடிபடாம மட்டும் பாத்துக்கணும்."

"ம். இன்னும் மூணு பாடம் பாக்கி இருக்கு. நாளைக்கு எப்படியாவது..."

"பேசாம படுங்க மிஸ்" என்றார் டிரைவர், கண்ணாடியில் உதடு அசைவதைப் பார்த்து. பத்து மாதத்தில் அவர் மிஸ்ஸை அதட்டியது அதுதான் முதல் தடவை. மிஸ் பேசாமல் படுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. உள்ளே நூற்றெண்பதுக்கு நூற்றுப் பதினான்கு. ஒரு நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே, "முதல்ல எப்போ பாத்தீங்க? யார் பாத்தது?" என்று கேட்டார்.

"இவர்தான். பதினொண்ணு இருபதுக்கு. விரலால பாத்தாரு, மேல் எண்ணு நூத்தி எழுபது" என்றாள் குட்டி டாக்டர்.

அந்த நர்ஸ் சிரிக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டிரைவர் மூடிக்கொண்ட கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்று இருபதுக்கும் பன்னிரண்டு ஐம்பதுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக் கழித்திருந்தார்.

மிஸ்ஸின் கணவர் வெளியூர் வேலையிலிருந்து ஓடிவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. கையில் ஹெல்மெட்டோடு மூச்சிரைக்க வந்தவர், இவர்களைக் கண்டதும், "நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா? இது உங்க பொண்ணா?" என்றார்.

"இல்லீங்க, கூடப் படிக்கிற பொண்ணு."

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குமேல் கேட்க அவருக்கு நேரமில்லை.

மூன்று மணிக்கு மிஸ்ஸுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது என்றும், மருந்து கொடுத்து அடக்கிவிட்டார்கள் என்றும் உள்ளேயிருந்து சேதி வந்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். டிரைவர் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தார். காவலாளி இரண்டு தடவை, "ஐயா, உக்காருங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மனைவி போன் செய்தபோது, கொஞ்சம் கேட்கிற காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, "சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார். எதைச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஐந்தரை மணிக்கு நடைபாதையின் தூரத்துக் கோடியில் ஒரு கதவு திறந்தது. இரண்டு பேர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு விரைந்தார்கள். குட்டி டாக்டர் சட்டென்று நிமிர்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கேக்குதா மாமா?"

அவருக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம். அழுகை மட்டும் மூன்று கிலோவுக்கு இருந்தது என்று பிறகு அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேரும் பயிற்சிக்கூடத்தில் கூடினார்கள். மீதிப் பாடங்களைக் குட்டி டாக்டர் நடத்தினாள். நடத்துவதற்கு முன், டிரைவர் எழுந்து நின்று தன் காதைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அது அவருக்குச் சிரிப்பதைவிடச் சங்கடமாக இருந்தது. "பரவாயில்ல, சிரிங்கப்பா" என்றார்.

திங்கட்கிழமை வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பான பெண்மணி. பிரஷர் மேஜைக்கு முன்னால் போனதும் டிரைவர் முந்திக்கொண்டு, "மேடம், எனக்கு இந்தச் சத்தம் கேக்காது" என்றார்.

"இதைச் சொல்ற நேரமா இது? விண்ணப்பத்துலயே எழுதியிருக்கணும்."

"எழுதியிருக்கணும் மேடம். பயந்துட்டேன்."

விரலால் மேல் எண்ணை எடுத்தார். நூற்று இருபத்து நான்கு. தேர்வாளர் காதால் எடுத்தது நூற்று இருபத்தாறு. கீழ் எண் கட்டத்தில் அவர் ஒன்றும் எழுதாமல் விட்டார். ஊகித்து எண்பது என்று எழுதியிருக்கலாம். பத்துக்கு ஏழு தடவை சரியாகவே இருக்கும். எழுதவில்லை. தேர்வாளர் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நீளமாக ஏதோ எழுதினார். ஒன்பதில் தேர்ச்சி. பத்தாவதை ஆறு வாரம் கழித்துத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். காது மருத்துவர் சான்றிதழும், ஒலியைப் பெரிதாக்கித் தருகிற ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டுவர வேண்டும். பத்து மாதமாக அவர் மென்று முழுங்கிக்கொண்டிருந்த விஷயம், ஒரு தாளில் இரண்டு வரியும் ஒரு கையெழுத்துமாக முடிந்துவிட்டது.

அந்த ஸ்டெதாஸ்கோப் வந்த அன்று முதலில் மனைவியின் கையில்தான் வைத்தார். "டக்" என்றது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். திரும்ப வைத்தார். அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் விடவில்லை. பால் பாக்கெட் போட வந்தவர்கூட நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டுத்தான் போனார். மறுதேர்வில் அவர் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு என்றார். தேர்வாளர் நூற்று இருபதுக்கு எழுபத்தாறு என்றார். தேறிவிட்டார்.

மறுநாள் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனார். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது மூன்று கிலோவை நெருங்கிவிட்டதாம். மிஸ் இளைத்துப்போயிருந்தார். மோதிரம் விரலுக்குத் திரும்பியிருந்தது. தேறிய சேதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், கைகுலுக்கினார். பிறகு கொஞ்ச நேரம் ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வியாழக்கிழமையிலேருந்தே கண்ணு முன்னாடி மின்னிக்கிட்டுதான் இருந்துச்சு."

டிரைவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நீங்க நூத்தி எழுபதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். பட்டை லூசா இல்ல, நல்லாத்தான் கட்டியிருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அது எனக்கு வசதியாப் போச்சு. திங்கட்கிழமை வரைக்கும் தாங்கிடும்னு நினைச்சேன். வேற யாராவது அப்படிப் பண்ணியிருந்தா நானே பிடிச்சுத் திட்டியிருப்பேன்."

பரவாயில்லை மிஸ் என்று சொல்ல டிரைவர் வாயெடுத்தார். அது பரவாயில்லாத விஷயம் என்று இருவருக்கும் தெரியும். "இப்போ எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"காலையில நூத்தி முப்பதுக்கு எம்பத்தஞ்சு. மாத்திரை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

"விடாம போடுங்க."

"போடறேன். எப்போ வேலைக்குச் சேர்றீங்க?"

"திங்கட்கிழமை மிஸ். பஸ் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு கிளினிக்."

"நாள் முழுக்க நிக்கணும். நல்ல மெத்துன்னு ஷூ வாங்கிக்குங்க, முதுகு தாங்காது." மிஸ் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். தொட்டில் அசைந்தது. மிஸ் எழுந்து குழந்தையைப் பார்க்கப் போனார்.